ஊமத்தைக் குச்சின்னு நினைச்சு தண்ணியில வைக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்



மகா சிவராத்திரி நெருங்க நெருங்க நம்ம கோயில் வாட்சாப் குரூப்பில ஒரே மாதிரி படங்கள் வந்துகிட்டு இருக்கு. சமையலறை ஜன்னல் ஓரத்துல ஒரு மினரல் தண்ணி பாட்டில், அதுக்குள்ள ஒரு பச்சைக் குச்சி, அடியில வெள்ளை வெள்ளையா வேர். "சிவனுக்கு ஊமத்தை வளர்க்கிறேன், வேணுங்கிறவங்க கேளுங்க" என்று கீழே எழுதியிருக்கும். பக்தியோடதான் செய்றாங்க. அதுல எனக்குக் குறை ஒன்னும் இல்ல. ஆனா அந்தப் படங்கள் பலதுல இருக்கிறது ஊமத்தையே இல்ல.

நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடறேன். அந்தச் செடியை வளர்க்க வேணாம்னு நான் சொல்லல. குச்சி ஒரு கையில இருந்து இன்னொரு கைக்குப் போகும்போது, அதோட சரியான பேரும், "இது விஷம்" என்கிற எச்சரிக்கையும் கூடவே போகணும். பேர் எழுதாத பாட்டில் எதுவும் நம்ம கோயிலுக்குள்ள வரக் கூடாது, கோயில்ல இருந்து யார் வீட்டுக்கும் போகவும் கூடாது. இது என் கருத்து. காரணங்களைக் கீழே எழுதியிருக்கேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல, அது என்ன செடி?

கேமரன் மலைக்குப் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரோட்டோரத்துல ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்து, மணி மாதிரி பெரிய பெரிய பூ தலைகீழா தொங்கும். வெள்ளை, வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்புன்னு இருக்கும். பொழுது சாய்ஞ்சா வாசம் தூக்கும். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா பக்கமும் இதே செடிதான். ஆங்கிலத்துல ஏஞ்சல்ஸ் டிரம்பெட், அதாவது தேவதையின் எக்காளம் என்பாங்க. தாவரப் பேர் புரூக்மான்சியா. சொந்த ஊர் தென் அமெரிக்கா.

நாம சிவனுக்குச் சாத்துற ஊமத்தை வேற. ரெண்டும் கத்தரி, தக்காளி, மிளகாய் குடும்பம்தான், அதனால பார்க்க ஒன்னு போல இருக்கும். ஆனா பிரிச்சுப் பார்க்கிறது ரொம்ப சுலபம். ஊமத்தம் பூ மேலே பார்த்து நிக்கும், இல்லாட்டி சாய்ஞ்சு நிக்கும். புரூக்மான்சியா பூ கீழே தொங்கும். ஊமத்தங்காய் உருண்டையா, முள்ளு முள்ளா இருக்கும். அந்தக் காய்ல முள் கிடையாது. ஊமத்தை இடுப்பளவுச் செடி, அது கட்டை பிடிச்சு மரம் மாதிரி வளரும். தேவாரத்துல "மத்தம்" என்று வர்றது ஊமத்தை. கடல் தாண்டி வந்த இந்தத் தொங்கு பூவை நம்ம பெரியவங்க அப்போ பார்த்திருக்கவே மாட்டாங்க. சாமிக்குச் சாத்தலாமா கூடாதான்னு முடிவு சொல்ல நான் யாரு? அதைக் குருக்கள் ஐயாகிட்ட கேளுங்க. ஆனா ஊமத்தைன்னு சொல்லி அவர் கையில கொடுக்காதீங்க. பேர் தெரியாம அவர் எப்படி முடிவு சொல்வாரு?

இந்தச் செடியைப் பத்தி ஒரு ஆச்சரியமான விஷயமும் இருக்கு. புரூக்மான்சியாவில மொத்தம் 7 இனம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல்ல ஏழுமே "காட்டில் அழிந்துவிட்டது" என்ற பிரிவில இருக்கு. தன் சொந்த மலையிலகூட அது தானா முளைச்சு வளர்றதா இல்ல. மனுஷன் ஒரு குச்சியை ஒடிச்சு நட, அதுல இருந்து இன்னொருத்தர் ஒடிச்சு நட, அப்படியேதான் உலகம் முழுக்க உயிரோட இருக்கு. அதனால ஜன்னல் ஓரத்துல பாட்டில் வச்சு வேர் விட வைக்கிற அக்காமார்கள் செய்றது சின்ன வேலை இல்ல. அதைச் சரியா செய்யுங்கன்னுதான் கேட்கிறேன்.

இப்ப தண்ணியில வேர் விட வைக்கிற விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பட்டர்வொர்த் சூட்டுல இதை வீட்டுக்குள்ள செய்றதுதான் சரி. வெளியே வெயில்ல வச்சா பாட்டில் தண்ணி வெந்நீர் ஆயிடும். சூடான தண்ணியில காத்து குறைவா கரையும், குச்சி மூச்சு முட்டி அழுகிப் போகும். வெளிச்சம் இருக்கணும், நேர் வெயில் படக் கூடாது.

இளந்தண்டு வேணாம். பென்சில் பருமன்ல, பட்டை கொஞ்சம் முத்தின குச்சியா, ஒரு சாண் நீளம் எடுங்க. கீழ் இலைகளைக் கிள்ளிட்டு, நுனியில ரெண்டு மூணு சின்ன இலையை மட்டும் விடுங்க. பெரிய இலை இருந்தா தண்ணியை இழுத்து வாடிப் போகும். மரத்துல எது கீழ்ப்பக்கமா இருந்துச்சோ அதுவே பாட்டில்லயும் கீழே இருக்கணும். தலைகீழா வச்சா வேர் வராது. ரெண்டு மூணு விரல் ஆழம் தண்ணி போதும்.

இன்னொரு நுணுக்கம். இந்தச் செடி ஒத்தைத் தண்டா வளர்ந்து, ஒரு இடத்துல கவட்டை மாதிரி ரெண்டா பிரியும். அதுக்கு அப்புறம்தான் பூக்கும். கவட்டைக்கு மேலே எடுத்த குச்சி சீக்கிரம் பூக்கும். கீழே எடுத்த குச்சி முதல்ல உயரமா வளர்ந்து, கவட்டை விட்டு, பிறகுதான் பூக்கும். "என் செடி பூக்கவே மாட்டேங்குது" என்று சொல்றவங்களுக்குப் பாதி பதில் இதுல இருக்கு. மீதி பதில் நம்ம ஊர்ச் சூடு. மலையில பூக்கிற மாதிரி இங்க கடலோரத்துல பூக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

ஒரு வாரம் பத்து நாள்ல தண்டுல வெள்ளைப் புள்ளி புள்ளியா புடைக்கும். அது பூஞ்சை இல்ல, வேர் கிளம்புற இடம். ரெண்டு மூணு வாரத்துல வேர் இறங்கும். ஒரு விரல்கட்டை நீளம் வந்தவுடனே மண்ணுக்கு மாத்திடுங்க. தண்ணியில வளர்ந்த வேர் கண்ணாடி மாதிரி, தொட்டா ஒடியும். ரொம்ப நீளமா விட்டா மாத்துறது கஷ்டம். தண்ணி நாறினாலோ, அடித்தண்டு கொழகொழன்னு ஆனாலோ, அழுகின பகுதியை வெட்டிட்டு, பாட்டிலைக் கழுவி, புதுத் தண்ணியில வைங்க.

இவ்வளவும் நல்ல வேலை. கெட்டது எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்றேன்.

நான் பிறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில சூப்பர்வைசர். எங்க லைன்ல புதுசா சேர்ற பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறது இதுதான்: லேபிள் இல்லாத பாட்டில் இருக்கவே கூடாது. தின்னரை மினரல் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கக் கூடாது. "நான்தானே வச்சேன், எனக்குத் தெரியும்" என்கிற பேச்சுக்கே இடமில்ல. வச்சவன் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போயிடுவான், அடுத்த ஷிப்ட்ல வர்றவன் தண்ணின்னு நினைச்சு எடுப்பான். தொழிற்சாலையில பெரியவங்களுக்கே இந்தச் சட்டம்னா, மூணு வயசுப் பேரப்பிள்ளை ஓடுற வீட்டுல, குடிக்கிற தண்ணி பாட்டில்லயே விஷச்செடிக் குச்சியைப் போட்டு, குடிக்கிற தண்ணி வைக்கிற மேசையிலயே வைக்கிறோமே, இது என்ன நியாயம்?

புரூக்மான்சியாவோட இலை, பூ, விதை, தண்டு, வேர் எல்லாமே விஷம். ஸ்கோபோலமின், ஹயோசயமின், அட்ரோபின் என்கிற பொருள்கள் அதுல இருக்கு. அட்ரோபினைக் கண் டாக்டர்கள் பாப்பா விரியறதுக்குச் சொட்டு மருந்தா விடுறாங்க. ஸ்கோபோலமினைப் பயண வாந்திக்குப் பட்டையா ஒட்டுறாங்க. டாக்டர் அளந்து கொடுத்தா அது மருந்து. செடியில அளவு கிடையாது. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும், இலைக்கும் விதைக்கும் வித்தியாசம் இருக்கும். குச்சி நின்ன தண்ணியையும் குடிக்கக் கூடாத தண்ணியாத்தான் நினைக்கணும். குச்சி வெட்டின கையோட கண்ணைக் கசக்கினாலே பாப்பா விரிஞ்சு, வெளிச்சம் கூசி, எழுத்து மங்கிப் போகும். அதனால கையுறை போடுங்க, வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவுங்க, அந்தக் கத்தியில காய் நறுக்காதீங்க. பூ எக்காளம் மாதிரி இருக்கிறதால பிள்ளைங்க வாயில வச்சு ஊதிப் பார்க்கும். அதையும் யோசிங்க.

கோயிலுக்கு இதுல தனிப் பொறுப்பு இருக்கு. கோயில்ல பூவை வாங்குற அதே கையிலதான் பொங்கல் வாங்கிச் சாப்பிடுறோம். அதே விரல்ல திருநீறு எடுத்து நெத்தியில பூசுறோம், கண்ணுல ஒத்திக்கிறோம். வேற எந்த இடத்துலயும் பூவும் சோறும் கண்ணும் இவ்வளவு நெருக்கமா இருக்காது. அதனால கோயிலுக்குள்ள வர்ற பூ என்னன்னு தெரிஞ்சிருக்கணும்.

"அரளி விஷமில்லையா? அதைத் தினமும் சாத்துறோமே" என்று ஒரு அண்ணன் குரூப்பில கேட்டாரு. ரொம்ப நியாயமான கேள்வி. ஊமத்தையும் விஷம்தான். ஆனா அரளியும் ஊமத்தையும் விஷம்னு நமக்கு யார் சொன்னாங்க? பாட்டி சொன்னாங்க. அரளிப்பூவை வாயில வைக்காதே, ஊமத்தங்காயைத் தொட்டா கையைக் கழுவுன்னு நடக்கத் தெரியும் முன்னாடியே காதுல போட்டாங்க. அந்தச் செடிகளோட கூடவே எச்சரிக்கையும் தலைமுறை தலைமுறையா வந்துச்சு. கேமரன்ல இருந்து ஈரப் பேப்பர்ல சுத்தி வந்த குச்சிக்கு அப்படி ஒரு பாட்டி கிடையாது. அதுக்கு நாமதான் பாட்டியா இருந்து சொல்லணும்.

பாட்டி சொன்ன அரளிக்கே என்ன ஆச்சுன்னு பாருங்க. 2024 ஏப்ரல் கடைசியில கேரளாவில ஓர் இளம்பெண் அரளி இலையையும் பூவையும் வாயில போட்டு மென்னதால இறந்ததா செய்தி வந்துச்சு. அடுத்த மாசமே, 1,200-க்கு மேற்பட்ட கோயில்களைப் பார்த்துக்கிற திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலயும் பிரசாதத்திலயும் அரளிப்பூ வேணாம்னு முடிவு எடுத்துச்சு. அதுக்குப் பதிலா துளசி, தெச்சி மாதிரி பூக்களைப் பயன்படுத்தச் சொன்னாங்க. மலபார் தேவஸ்வம் போர்டும் அதே வழிக்கு வந்துச்சு. அவங்களுக்கு பக்தி குறைஞ்சு போச்சா? இல்லையே. பக்தர் கைக்குப் போறது பாதுகாப்பா இருக்கணும்னு நினைச்சாங்க. அவ்வளவு பெரிய நிர்வாகம் ஒரு மாசத்துல செஞ்சதை, நம்ம ஒரு கோயில் ஒரு கூட்டத்துல முடிவு பண்ண முடியாதா?

"சாமிக்குப் போடுற பூவுல என்னங்க விஷம்?" என்று சொல்றவங்களும் இருக்காங்க. ஐயா, ஆலகால விஷத்தை உண்டு தாங்கினது ஈசன். நம்ம வீட்டுப் பிள்ளை தாங்காது.

இதைவிட முக்கியமா ஒன்னு சொல்லணும். தொண்டு செய்றவங்க இதைக் கண்டிப்பா படிங்க. இந்த விஷம் உள்ளே போனா வாய் வறண்டு போகும், முகம் சிவக்கும், உடம்பு சூடாகும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கண் பாப்பா பெருசா விரியும். அப்புறம் ஆள் அடையாளம் தெரியாது. இல்லாத ஆளோட பேசும், காத்துல எதையோ பிடிக்கும், பயந்து கத்தும். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? காத்து கருப்பு பட்டிருச்சுன்னு நினைப்பாங்க. நேரா கோயிலுக்குத் தூக்கிட்டு வருவாங்க, மந்திரிக்கச் சொல்வாங்க. அந்த ஒரு மணி நேரம் போனா திரும்பி வராது. பிள்ளை திடீர்னு இப்படி ஆனா முதல்ல 999 கூப்பிடுங்க, இல்லாட்டி பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்க. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாயில செடி மிச்சம் இருந்தா எடுத்துடுங்க. அந்தச் செடியில ஒரு துண்டை பையில போட்டுக் கொண்டு போங்க, போட்டோவும் எடுங்க. தேசிய விஷ மையம் நம்ம பினாங்குலயே, மிண்டன் யூஎஸ்எம் வளாகத்துல இருக்கு. டாக்டருங்க அங்க கேட்டு விவரம் வாங்குவாங்க. செடியோட சரியான பேர் தெரிஞ்சிருந்தா அங்க நேரம் மிச்சமாகும். பாட்டில் மேல ஒட்டின பேர் அன்னைக்குத்தான் உயிர் காக்கும். கோயிலுக்கு அப்புறம் வரலாம். அம்மா எங்கயும் போயிட மாட்டா, இங்கயேதான் இருப்பா.

அடுத்தது கொசு. பாட்டில்ல அசையாம நிக்கிற சுத்தமான தண்ணி ஏடிஸ் கொசுவுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வீட்டுக்குள்ள நிழல்ல இருந்தா இன்னும் வசதி. நம்ம ஊர்ச் சூட்டுல முட்டை கொசுவா மாற 7 முதல் 10 நாள் போதும். குச்சி வேர் விட ரெண்டு மூணு வாரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்க. தண்ணியை மாத்தாம விட்டா வேர் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை கொசு பிறந்து பறந்துடும். 2019-ல மட்டும் நம்ம நாட்டுல டிங்கி காய்ச்சல் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல வந்துச்சு. ஜெந்திக்-ஜெந்திக் கண்டுபிடிச்சா சுகாதார அதிகாரிங்க 500 ரிங்கிட் வரைக்கும் கம்பவுண்ட் எழுதலாம். 1975-லேயே வந்த சட்டம் அது. பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். பிளாட் வீட்டுல ஒரு பாட்டில்ல பிறந்த கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிச்சா என்ன பண்றது?

வழி சுலபம்தான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை முழுசா ஊத்திட்டு மாத்துங்க. வெறுமனே ஊத்தினா பத்தாது. ஏடிஸ் முட்டை பாட்டில் சுவருல ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது. அதனால உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்ங்க. பாட்டில் வாயைக் குச்சியைச் சுத்திப் பஞ்சு வச்சு இறுக்கமா அடைங்க. வெளியே கறுப்புப் பிளாஸ்டிக் சுத்தினா பாசியும் பிடிக்காது. அடிக்கடி தண்ணி மாத்தினா குச்சிக்கும் நல்லது, அழுகாது.

கடைசியா, நம்ம கோயிலுக்கு நான் வைக்கிற வேண்டுகோள். நிர்வாகத்துல இருக்கிற பெரியவங்க யோசிக்கணும்.

1. கோயில்ல செடியோ குச்சியோ பகிர்ந்துக்கிற பழக்கம் தொடரட்டும். ஆனா ஒவ்வொன்னுலயும் பேர் எழுதி ஒட்டியிருக்கணும். விஷச்செடின்னா சிவப்பு எழுத்துல "விஷம், வாயில் வைக்காதே" என்று தமிழ்லயும் மலாய்லயும் எழுதணும். நம்ம கோயிலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைங்களும் வருது.

2. குடிக்கிற தண்ணி, பானம் வந்த பாட்டில்ல எந்தக் குச்சியும் வேணாம். பழைய கண்ணாடிப் பூச்சாடி எடுங்க. குடிக்கிற பொருள் மாதிரி தெரியாத ஒன்னா இருக்கணும். பிள்ளை கை எட்டாத உயரத்துல வைங்க.

3. புரூக்மான்சியாவைக் கோயில் வளாகத்துல நடணும்னா, பிள்ளைங்க ஓடி விளையாடுற பக்கம் வேணாம். வேலி போட்ட மூலையில, பேர்ப்பலகையோட நடுங்க.

4. பிரசாதமா கைக்குக் கொடுக்கிற பூவுல புரூக்மான்சியா, ஊமத்தை, அரளி மூணும் வேணாம். ஊமத்தையும் அரளியும் சந்நிதிக்குள்ளயே இருக்கட்டும். பக்தர் கைக்குத் துளசியும் மல்லியும் போதும்.

5. சிவராத்திரிக்கு ஊமத்தைதான் வேணும்னா, உண்மையான ஊமத்தையை விதை போட்டு வளருங்க. நம்ம சூட்டுக்கு நல்லா வரும், பாட்டிலே தேவையில்ல. அதுவும் விஷம்தான், அதே கவனம் வேணும்.

தண்ணியில வேர் விடுறதைப் பார்க்கிற ஆசை இருக்கிறவங்களுக்கு இன்னொரு யோசனை. துளசிக் குச்சி தண்ணியில அழகா வேர் விடும். வெற்றிலைக் கொடியும் கணுவுல வேர் விடும். கொசுக் கவனம் மட்டும் போதும், பிள்ளை இலையைப் பிச்சு வாயில போட்டாலும் பயம் இல்ல. தாமான் வீடா இருந்தாலும் பிளாட்டா இருந்தாலும் வளரும். பிள்ளைங்களுக்கு வேர் எப்படி வருதுன்னு காட்டணும்னா இதுல காட்டுங்க.

சிலருக்கு இது கோபம் தரலாம். "பூ விஷயத்துல இவ்வளவு சட்டமா" என்பாங்க. தொழிற்சாலையில முப்பது வருஷத்துக்கு மேல பார்த்துட்டேன். விபத்து நடந்த அப்புறம் எழுதுற சட்டம் எல்லாருக்கும் சம்மதமா இருக்கும். நடக்கறதுக்கு முன்னாடி எழுதுறதுக்குத்தான் எதிர்ப்பு வரும். ஒரு லேபிள் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகப் போகுது?

உங்க வீட்டுல இப்ப பாட்டில்ல குச்சி இருந்தா, இதைப் படிச்ச கையோட எழுந்து போய்ப் பாருங்க. பூ தொங்குற செடியில எடுத்ததா, நிமிர்ந்து நிக்கிற செடியில எடுத்ததான்னு கொடுத்தவங்ககிட்ட கேளுங்க. தண்ணியை மாத்துங்க. பேர் எழுதி ஒட்டுங்க. சந்தேகம் இருந்தா போட்டோ போடுங்க, தெரிஞ்சவங்க பதில் சொல்லுவாங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் மரியாதையோட எழுதுங்க, நானும் படிக்கிறேன்.

மற்ற கோயில் அன்பர்களுக்கும் பகிருங்கள்.

ஓம் நமசிவாய.